மிட்டாய் நிறத்து ஈயம்

வேட்டை சீசன் வந்தால் எங்கள் கொட்டகையில் மான் தோல் உரிப்பதும் துண்டு போடுவதும் என் வேலை. குடல், பித்தப்பை, குண்டு பட்டு வெடித்த வயிறு, மழையில் கிடந்து ஊறி மறுநாள் வந்து சேரும் நாற்ற உடம்பு, எதற்கும் நான் மூக்கைப் பொத்தியதில்லை. அப்படிப்பட்ட எனக்கே குமட்டுவது வெர்லின் காகரை நினைத்தால்தான்.

எங்கள் வீட்டுக்கும் அவன் வீட்டுக்கும் நடுவில் ஓடை ஒன்று, அதன்மேல் மரப்பாலம் ஒன்று. அவன் மனைவி ஒலீட்டா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிறாள். எனக்கு அவள் கூடப்பிறக்காத பிறப்பு. அவர்கள் மகள் கெண்ட்ரா, புருஷனோடு ஒத்துப்போகாமல் கைக்குழந்தை மேஸியைத் தூக்கிக்கொண்டு தாய்வீட்டுக்கே வந்துவிட்டாள். மேஸிக்கு இப்போது இரண்டு வயது. பார்த்ததையெல்லாம் செய்து பார்க்கிற வயது.

அந்த வருஷம் கடைகளில் தோட்டா கிடைக்கவில்லை. துப்பாக்கிக்குச் சட்டம் வரப்போகிறது, தடை வரப்போகிறது என்று ஆளாளுக்கு வாங்கிப் பதுக்கியதில் அலமாரிகள் துடைத்துவிட்டாற்போல் கிடந்தன. சுரங்கம் மூடியதிலிருந்து வேலையில்லாமல் இருந்த வெர்லினுக்கு இது வசமாக வாய்த்தது. டயர் கடைகளில் சக்கரத்திலிருந்து கழற்றிப் போட்ட ஈயக்கட்டிகளை வாளி வாளியாக அள்ளி வந்தான். வான்கோழி பொரிக்கிற அடுப்பைப் பின்வாசலில் வைத்து உருக்கினான். அச்சில் ஊற்றிக் குண்டு வார்த்தான்.

கடைக்குண்டுக்குச் செம்புச் சட்டை இருக்கும். வெறும் ஈயமோ குழலெல்லாம் அப்பிக்கொள்ளும். அதிலும் அவனுடையது தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்கிற துப்பாக்கி. சுட்ட புகையில் கொஞ்சம் ஒரு சின்னத் துளை வழியாகப் போய்த்தான் அதை இயக்குகிறது. அந்தத் துளையை ஈயம் அடைத்தால் துப்பாக்கி வெறும் தடிக்கம்பு. அதனால் அவன் குண்டுக்குப் பெயிண்ட் பவுடர் பூசி, ஓவனில் வைத்துச் சுட்டான். வெளியே எடுத்தபோது ஒவ்வொன்றும் பளபளவென்று செக்கச்சிவப்பாக இருந்தது. ஹாலோவீனுக்குப் பிள்ளைகள் பையில் போடுகிற மிட்டாயைப் போல.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, அவன் வீட்டுக்குப் பின்னால் மண்மேட்டில் பலகை நட்டுவைத்துச் சுட்டுக் காட்டினான். நானும் என் புருஷன் ஹோபர்ட்டும் போயிருந்தோம். மேப்பிள் இலையெல்லாம் உதிர்ந்து தரை வழுக்கியது. ஒலீட்டா காப்பி கொண்டு வந்தாள். கெண்ட்ரா இடுப்பில் மேஸி, இரண்டு காதிலும் பஞ்சு.

"பாத்துக்கிட்டே இரு. மூணாவது தோட்டாவுல தொண்டைய அடைச்சுக்கப் போவுது" என்றான் ஹோபர்ட்.

"உன் கரிநாக்க உள்ள வைடா."

"நான் ஏண்டா சொல்றேன்? ஈயம் போட்டா அந்த மாதிரித் துப்பாக்கி திணறும்னு ஊரே சொல்லுது."

"ஊரு சொல்லும். ஊருக்கு என்ன, வாய்க்கு வாடகையா?"

சுட்டான். நிற்காமல் சுட்டான். வெற்றுக் கூடுகள் வலப்பக்கம் தெறித்து இலைமேல் விழுந்துகொண்டே இருந்தன. ஒரு தடவைகூடச் சிக்கவில்லை. கழற்றிக் காட்டினான், உள்ளே புகைக்கரிதான், ஈயம் இல்லை. இதை நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அவன் குண்டு அவன் துப்பாக்கியில் நன்றாகவே வேலை செய்தது. அதுதான் வினையாகவும் போயிற்று.

"எங்கடா உன் அடைப்பு? தேடித் தாயேன்" என்று ஹோபர்ட்டை நோண்டினான்.

"சரிடா, ஜெயிச்சுட்ட. கைய நல்லாக் கழுவு. அதே கையால ரொட்டியத் தொடாத. ஈயம் ஈயந்தான்."

"ஈயம் எங்கடா தெரியுது உனக்கு? உன் காப்பிக் கப்புக்கு மேல பூசியிருக்கான் பாரு, அதே பூச்சு. நக்கினாலும் ஒண்ணும் ஆவாது."

"நக்கேன் பாப்போம்."

வெர்லின் பையிலிருந்து ஒரு குண்டை எடுத்தான். வாயில் போட்டான். இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்கும் உருட்டினான். பல்லில் பட்டு அது டொக்கு டொக்கென்று சத்தம் போட்டது. பிறகு நாக்கு நுனியில் வைத்து நீட்டினான். எச்சிலில் நனைந்த சிவப்பு.

"சீ, அப்பா! அசிங்கமா இருக்கு" என்றாள் கெண்ட்ரா.

மேஸி கைதட்டினாள். "தாத்தா முட்டாயி!"

எல்லோரும் சிரித்தோம். சிரிப்பு வந்தால் வெர்லினுக்குப் போதும், விடவே மாட்டான். தீயணைப்புக் கூடத்தில் பீன்ஸ் விருந்து நடந்த அன்று செய்து காட்டினான். டயர் கடையில் செய்தான். பிரசங்கம் முடிந்து சர்ச் வாசலில், பாதிரியார் எதிரேயே செய்தான். வீட்டில் கேட்கவே வேண்டாம். குழந்தை அழுதால் போதும், ஒரு குண்டை எடுத்துக் கன்னத்தில் அதக்கிக்கொண்டு கண்ணை உருட்டுவான். அவள் அழுகையை விட்டுச் சிரிப்பாள். பேத்தியைச் சிரிக்க வைக்கத் தன்னை விட்டால் ஆள் இல்லை என்று பீற்றிக்கொள்வான்.

பூச்சு சுடுவதற்கு அவன் வைத்திருந்த சின்ன ஓவன் ஒரு நாள் புகைந்து செத்தது. அடுத்த நாளே வீட்டு ஓவனில் தட்டை ஏற்றிவிட்டான். ஒலீட்டா அதில்தான் இறைச்சி பொதிந்த ரொட்டி, பெப்பரோனி ரோல், சுடுவாள். அவள் கை ரோல் என்றால் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அடித்துக்கொள்ளும்.

பாலத்தைத் தாண்டி என்னிடம் வந்து புலம்பினாள்.

"நாக்குல பெயிண்ட் வாடை அடிக்குது ட்ரீமா. மாவு பெசஞ்சு உள்ள வெச்சா ரொட்டி வாசனையா வருது? கார் ஷெட்டு வாசனை வருது."

"அந்தத் தட்டைத் தூக்கி ஓடையில எறியேன்டி."

"எறிஞ்சா? அடுப்ப வெளிய வெச்சா மழையாம், காத்தாம், சூடு நிக்காதாம். கடையில தோட்டா இல்லாதப்ப வீட்டுக்கு இறைச்சி எப்படி வரும்னு கேக்கறான். பேச்சுல அவன ஜெயிக்க முடியுமா?"

"பேச்சுல ஜெயிக்காத. பூட்டு வாங்கிப் போடு."

"ஓவனுக்குப் பூட்டா? நல்லாச் சொன்ன போ."

சிரித்துக்கொண்டே போனாள். போகிறபோது எனக்கென்று துணியில் சுற்றிக் கொண்டுவந்த ரோலை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். ஒரு கடி கடித்தேன். அவள் சொன்னது சரிதான். மிச்சத்தை நாய்க்குக்கூடப் போடாமல் குப்பையில் போட்டேன்.

நவம்பர் பிறந்தது. மழையும் பனியும் ஒன்றாகக் கொட்டி, ஓடை பழுப்பாக ஓடியது. மேஸிக்கு உடம்பு சரியில்லை. சாப்பிட மாட்டேன் என்றாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். வாய் ஓயாத பிள்ளை, சோபா மூலையில் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தாள். தாய்சேய் மருத்துவமனையில் வழக்கமாக விரலில் குத்திப் பார்ப்பார்கள். பார்த்தார்கள். உடனே கையில் ஊசி குத்தி மறுபடியும் ரத்தம் எடுத்தார்கள். ரத்தத்தில் ஈயம். கொஞ்சநஞ்சம் இல்லை, நர்ஸ் அந்த எண்ணைச் சொல்லிவிட்டுக் கெண்ட்ராவின் தோளைப் பிடித்துக்கொண்டாளாம். மூளை வளர்கிற வயசு, போனது திரும்பாது, இன்னும் ஏறவிடக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

சுகாதார ஆள் ஒருவர் வீட்டுக்கு வந்தார். ஒலீட்டா வேலைக்குப் போயிருந்தாள், கெண்ட்ரா குழந்தையோடு மருத்துவமனையில். வெர்லின்தான் கதவைத் திறந்தான். வந்தவர் ஜன்னல் சட்டத்தைத் துடைத்து எடுத்தார், கிணற்றுத் தண்ணீர் எடுத்தார். வீட்டில் யாராவது ஈயம் உருக்குவது உண்டா என்று கேட்டார்.

"இல்ல" என்றான் வெர்லின்.

உருக்குகிற சட்டியையும் அச்சையும் தட்டையும் காலையிலேயே வண்டியில் ஏற்றித் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தான். இதை என் புருஷன் கண்ணால் பார்த்தான். ஏன் ஏற்றுகிறான் என்று அப்போது தெரியவில்லை. தெரிந்த பிறகு, வீட்டுக்குள் வந்து உட்காராமல் நின்றுகொண்டே சொன்னான்.

"பேத்திக்கு விஷம் ஏறிக் கிடக்கு, இவன் சட்டிய ஒளிக்கிறான். மனுஷனாடி அவன்?"

தண்ணீர் சுத்தம் என்று முடிவு வந்தது. ஜன்னலிலும் சொல்லும்படி ஒன்றும் இல்லை. பிறகு எங்கிருந்து வந்தது? அதற்கும் வெர்லினிடம் பதில் தயாராக இருந்தது.

ஆண்மான் சீசன் தொடங்கிய திங்கட்கிழமை. எங்கள் கொட்டகை வாசலில் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. கொக்கியில் மான்கள் தொங்கின. தரையெல்லாம் ரத்தமும் மரத்தூளும். என் கை மணிக்கட்டு வரை கொழுப்பில் வழுக்கியது. வெர்லின் தன் மானை இழுத்துக்கொண்டு வந்தான். ஆறு கிளைக் கொம்பு. கழுத்தில் அடி. அறுத்தபோது குண்டு அப்படியே கிடந்தது, சிதறவே இல்லை. அதை விரலால் நெம்பி எடுத்து, ரத்தத்தைத் தன் கால்சட்டையில் துடைத்து, எல்லோருக்கும் தெரிகிறாற்போல் தூக்கிப் பிடித்தான்.

"பாத்தீங்களா? முழுசா இருக்கு. கடைக்குண்டு என்ன பண்ணும்? உள்ள போயி நூறா வெடிக்கும். ஈயத்தூளு கறியெல்லாம் கலக்கும். அந்தக் கறிய இவ அரைப்பா. அதே மெஷின்ல அடுத்தவன் கறியையும் அரைப்பா. அத வாங்கித் தின்னுதான் எங்க மேஸிக்கு இப்படி ஆயிருக்கு."

கத்தியைக் கீழே வைத்தேன். வைக்காவிட்டால் என்ன செய்திருப்பேனோ.

"என்ன சொன்ன? திரும்பச் சொல்லு."

"போன வருஷம் நீ குடுத்த கறிதானே எங்க வீட்டுல தின்னோம். வேற எதுலேர்ந்து வரும் ஈயம்?"

"உன் ஓவன்லேர்ந்து வரும். உன் பின்வாசல்லேர்ந்து வரும். கழுவாத உன் கையிலேர்ந்து வரும்டா!"

"என்னோடது பூச்சுப் போட்டது ட்ரீமா. வெளிய வராது. வாயில போட்டே காட்டிருக்கேன்ல? எனக்கு என்ன ஆச்சு? கல்லு மாதிரி நிக்கிறேன்."

வரிசையில் நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இரண்டு பேர் சத்தமில்லாமல் தங்கள் மானை மறுபடி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பேர் கெட ஒரு வாய் போதும். எங்கள் வருஷத்துப் பிழைப்பே அந்த இரண்டு வாரம்தான், அது அவனுக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னான். அவன் மானைக் கொக்கியிலிருந்து இறக்கி, அவன் காலடியில் போட்டேன்.

"எடுத்துட்டுப் போ. உன் மான உன் வீட்டு மேசைல போட்டு வெட்டு. அங்கதான் எல்லாம் செய்யறியே."

வியாழன் நன்றிநாள், ஊரே வான்கோழி விருந்து வைக்கிற நாள். எங்கள் இரண்டு வீட்டிலும் விருந்து ருசிக்கவில்லை. புதன்கிழமையே மேஸிக்கு வாந்தி நிற்காமல், மாநிலத் தலைநகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். ஒலீட்டாவும் கெண்ட்ராவும் அங்கேயே தங்கினார்கள். வெர்லின் ஒரு தடவை போய், ஆஸ்பத்திரி வாசனை ஆகாது என்று திரும்பி வந்துவிட்டான். சீசன் முடிவதற்குள் பெண்மான் ஒன்று அடிக்க வேண்டுமாம்.

சனிக்கிழமை ஒலீட்டா மாற்றுத்துணி எடுக்க ஊருக்கு வந்தாள். நேரே என் சமையலறைக்கு வந்து, மேலங்கியைக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.

"படம் எடுத்தாங்க ட்ரீமா. வயித்தப் படம் எடுத்தாங்க."

"ம்."

"டாக்டர் பொண்ணு கூப்பிட்டுக் காட்டுச்சு. எலும்பெல்லாம் மங்கலாத் தெரியுது. நடுவுல ஒண்ணு பளிச்சுனு வெள்ளையா. அடி தட்டையா, தலை கூரா. 'இது என்னன்னு தெரியுமா'ன்னு கேக்குது. எனக்குத் தெரியாதா? என் ஓவன்ல தட்டு தட்டா அடுக்கிப் பாத்திருக்கேனே."

நான் நாற்காலியை இழுத்து அவள் எதிரே உட்கார்ந்தேன்.

"முழுங்கி ரொம்ப நாளாச்சாம். உள்ளயே தங்கிடுச்சாம். வாய் வழியா குழாய் விட்டு எடுத்தாங்க. வயித்துப் புளிப்புல ஊறி ஊறிக் கரைஞ்சிருக்கு. அந்த ஒண்ணு மட்டுமில்ல, அப்பப்ப எடுத்து வாயில அதக்கியிருப்பா. கெண்ட்ரா அவ பொம்ம வண்டியில இன்னும் ரெண்டு பாத்தாளாம். செவப்பா இருந்துச்சா, படம் வரையற கிரேயான் துண்டுன்னு நெனச்சாளாம்." கண்ணைத் துடைக்கவில்லை அவள். "முட்டாயி. தாத்தா தின்ன முட்டாயி."

பையிலிருந்து ஒரு சின்னப் பிளாஸ்டிக் குப்பியை எடுத்தாள். கேட்டு வாங்கி வந்திருக்கிறாள். உள்ளே அது கிடந்தது. சிவப்பு இங்கொரு திட்டு அங்கொரு திட்டாகத்தான் ஒட்டியிருந்தது. மிச்சமெல்லாம் பூச்சி அரித்த பல்லைப் போலக் குழிகுழியாக, சாம்பல் நிறம். எத்தனையோ வயிறுகளைக் கீறித் திறந்தவள் நான். ஒரு குழந்தை வயிற்றில் கிடந்த அதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

"எங்கூட வா. தனியாப் போனா ஏதாவது செஞ்சிடுவேன்" என்றாள்.

பாலத்தைத் தாண்டிப் போனோம். வெர்லின் சமையலறை மேசையில் உட்கார்ந்து பீன்ஸும் சோளரொட்டியும் தின்றுகொண்டிருந்தான். பக்கத்து நாற்காலியில் துப்பாக்கி சாத்தியிருந்தது. மேசையில் எண்ணெய்த் துணி. அதே மேசையில் ரொட்டி.

"பிள்ளை எப்படி இருக்கா?" என்றான், மென்றுகொண்டே.

ஒலீட்டா குப்பியைத் திறந்து அதை அவன் தட்டின் ஓரத்தில் கவிழ்த்தாள். பீங்கானில் டொக்கென்று விழுந்தது. அவனுக்குத் தெரிந்த சத்தம்தான்.

"மேஸி வயித்துலேர்ந்து எடுத்தது" என்றாள்.

அவன் மெல்லுவதை நிறுத்தினான். குனிந்து பார்த்தான். முகம் வெளுத்தது, அதை நான் பார்த்தேன். அழப்போகிறான் என்றுதான் நினைத்தேன். அழுதிருந்தால் நானே ஒருவேளை மன்னித்திருப்பேன். அவன் கரண்டி நுனியால் அதைப் புரட்டினான். ஜன்னல் வெளிச்சத்துக்குத் தட்டைத் திருப்பினான். இன்னொரு தடவை புரட்டினான்.

"இது அந்த மழை வாரத்துல சுட்டது" என்றான். "பூச்சு சரியா வேகல. பாரு, உரிஞ்சிருக்கு. வெந்திருந்தா உரியாது. இந்த ஓவன்ல சூடு சரியா நிக்கிறதில்லன்னு நான் எப்பவோ சொன்னேன் ஒலீட்டா. புதுசு வாங்கலாம்னு சொன்னேனா இல்லையா?"

ஒலீட்டா அவனையே பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"வாயில போடு" என்றாள்.

"என்ன?"

"ஊரெல்லாம் போட்டுக் காட்டினியே. சர்ச் வாசல்ல காட்டினியே. இப்பப் போடு. நான் ஒருத்தி பாக்கறேன்."

அவன் தட்டைத் தள்ளி வைத்தான். உதட்டைச் சுழித்தான்.

"சீ! வயித்துக்குள்ள கிடந்ததுடீ அது."

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்ததோ என்னவோ, வாயைக் கையால் மூடிக்கொண்டான். ஒலீட்டா உள்ளே போய்க் குழந்தையின் துணி, தன் துணி, கெண்ட்ராவின் துணி, எல்லாவற்றையும் குப்பை அள்ளுகிற கறுப்புப் பைகளில் திணித்தாள். அவன் நடையில் வழிமறித்து நின்று, வெளியே கொட்டகை போட்டு அங்கே வைத்துச் சுட்டால் சரிதானே, கையைக் கழுவிவிட்டு வந்தால் சரிதானே என்று கேட்டுக்கொண்டே இருந்தான். நிறுத்திவிடுகிறேன் என்ற சொல் மட்டும் அவன் வாயில் வரவில்லை. அது வந்திருந்தால் அவள் கால் நின்றிருக்கும். எனக்கு அவளைத் தெரியும்.

ஹோபர்ட் பார்த்துச் சொன்ன, சட்டியை ஒளித்த கதையைச் சுகாதார ஆளிடம் அவளே போய்ச் சொன்னாள். ஈயம் உருக்குகிற வீட்டுக்கு இந்தக் குழந்தை திரும்பக் கூடாது என்று ஆஸ்பத்திரியிலும் சொல்லிவிட்டார்கள். நானும் ஹோபர்ட்டும் கொட்டகையைத் தரை கூரை எல்லாம் சோடா போட்டுத் தேய்த்துக் கழுவினோம். அப்புறம் எங்கள் வீட்டுப் பின்னறையை அவர்களுக்கு ஒழித்துக் கொடுத்தோம்.

டிசம்பர் நடுவில் மேஸி வந்தாள். மருந்து ஏற்றி ரத்தத்தில் ஈயம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, மிச்சம் எலும்பில் தங்கிவிடும் என்றார்கள். பேச்சு குறைந்துவிட்டது. முன்பெல்லாம் வாசலிலிருந்தே என் பேரைக் கத்துவாள். இப்போது யார் கூப்பிட்டாலும் கொஞ்சம் கழித்துத்தான் திரும்புகிறாள். அது சரியாகுமா என்று கெண்ட்ரா கேட்டதற்கு, பள்ளிக்கூடம் போகும்போது தெரியும் என்றார்களாம்.

அன்று பனி விட்டு வெயில் அடித்தது. ஒலீட்டா என் ஓவனில் பெப்பரோனி ரோல் சுட்டாள். புகை போகட்டுமென்று ஓடைப் பக்கத்து ஜன்னலைத் திறந்து வைத்திருந்தேன். மேஸி உயர நாற்காலியில் உட்கார்ந்து ஒரு துண்டை இரண்டு கையாலும் பிடித்துக் கடித்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் தானாகத் தின்றாள். ஒலீட்டா அடுப்பை விட்டு நகராமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கெண்ட்ரா மூச்சு விடக்கூடப் பயந்து நின்றாள்.

காற்று திரும்பியது. ரொட்டி வாசனைக்கு நடுவில் வேறொன்று வந்தது. முதலில் எனக்குத்தான் பட்டது. சூடான பெயிண்ட். பாலத்துக்கு அந்தப் பக்கத்து வீட்டில் இப்போது கேட்பதற்கு ஆள் இல்லை. ஓவன் முழுக்க அவனுக்கே.

மேஸி தின்பதை நிறுத்தினாள். மூக்கை உயர்த்தினாள். வந்ததிலிருந்து முதல்முறையாக அவள் முகம் மலர்ந்தது.

"தாத்தா முட்டாயி" என்றாள்.

ஒலீட்டா போய் ஜன்னலைச் சாத்தினாள். கொண்டியைப் போட்டாள்.